வண்டியை உயர்த்தப் பூக்கேட்ட கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். எழுத உட்காருவேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு எழுந்துவிடுவேன். எனக்குப் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு சரி. அது ஒரு காரணம். சாமி காரியத்தை எழுத்தில் போடுவது தப்பாகிவிடுமோ என்ற பயம் இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டுக்காரியைப் பற்றி நாலு பேர் படிக்கும்படி எழுத வேண்டிவருமே என்ற கூச்சம். இப்போது அவளே, "எழுதுங்க, ஆனா என்னைய நல்லவளா எழுதுங்க" என்று சொல்லிவிட்டாள். எங்கள் அய்யனாரை மனதில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

நான் ரொம்ப காலம் அரபு நாட்டில் ஒரு முதலாளிக்கு டிரைவராக இருந்தவன். நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி அது. அவர் அதைச் சும்மா விடவில்லை. ஸ்பிரிங்கை மாற்றித் தரையிலிருந்து நன்றாக உயர்த்தி, பெரிய டயர் போட்டு, முன்னால் இரும்பு பம்பரும் மேலே வரிசையாக விளக்கும் வைத்திருந்தார். லீவு நாள் சாயங்காலம் மணல்மேட்டுக்குப் போகச் சொல்வார். சரிவில் ஏறும்போது கண்ணாடியில் வானம் மட்டும்தான் தெரியும். மேட்டின் உச்சியில் வண்டி ஒரு நொடி அப்படியே மிதந்து நிற்கும். அந்த ஒரு நொடியில் எனக்கு என்னமோ ஆகும். இந்த மேட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய் இருக்கும், கரையில் பனைமரம் நிற்கும், முந்திரிப் பூ வாசம் வரும் என்றே தோன்றும். பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். முன்சக்கரம் இறங்கும். அங்கே இன்னொரு மணல்மேடுதான் இருக்கும்.

அங்கே இருந்தவரைக்கும் இந்த நினைப்பிலேயே பொழுது போயிற்று. அதே மாதிரி ஒரு வண்டி, செம்மண் பாதை, பக்கத்தில் அவள். வேறு பெரிய ஆசை எதுவும் எனக்கு இருந்ததில்லை.

சாமி புண்ணியத்தில் ஊருக்குத் திரும்பினேன். கீரனூர் தாண்டி ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்தது. அவள் நான் இல்லாத காலத்திலேயே புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் பார்த்துக்கொள்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எங்கள் வீடு ஆலங்குடிக்கு இங்கிட்டு, முந்திரிக்காட்டுக்குள். மெயின் ரோட்டுக்கு வருவதற்குக் கண்மாய்க் கரையோடு மண்பாதை. ஐப்பசி மழையில் அந்தப் பாதை களியாகக் குழைந்து கிடக்கும். சின்னக் கார் மாட்டிக்கொள்ளும், பைக் வழுக்கும். அதைக் காரணமாகச் சொல்லி, என் ஆசைப்படியே நாலு சக்கரமும் இழுக்கிற புது ஜீப்பு ஒன்றை எடுத்தேன். காரணத்தில் பாதிதான் பாதை.

காலையில் இருவரும் சேர்ந்து கிளம்புவோம். அவளைப் புதுக்கோட்டையில் இறக்கிவிட்டுவிட்டு நான் திருச்சி ரோட்டில் போவேன். சாயங்காலம் அதே மாதிரி அழைத்து வருவேன். மார்கழியில் கண்மாய்த் தண்ணீரிலிருந்து புகை எழும்பும். கரை எது தண்ணீர் எது என்று தெரியாது. வண்டி மேகத்துக்குள் போவது போல மெதுவாகப் போகும். ஒரு மயில் பாதையிலேயே நிற்கும். ஹாரன் அடிக்க எனக்கு மனசு வராது. அவள் வாய்க்குள்ளேயே சாமி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருவாள், தைலமரக்காடு தாண்டுவதற்குள் தூங்கிப்போவாள். தூக்கத்தில் தலை என் பக்கம் சாயும். நான் கியர் மாற்றுவதைக்கூடப் பதமாக மாற்றுவேன். பேச்சு என்று பெரிதாக எதுவும் இருக்காது. "அந்தா, அந்தக் கொல்லையில கல்லை பூத்திருச்சு" என்பாள்; நிலக்கடலையை எங்கள் பக்கம் கல்லை என்போம். நான் "ம்" என்பேன்.

அவளுக்கு முட்டிவலி. விடுதியில் நின்று நின்று வந்தது. விராலிமலைக்குப் போனால் நான் மட்டும் படியேறி முருகனைப் பார்த்துவிட்டு வருவேன். அவள் அடிவாரத்திலேயே நின்று, மேலே அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். ஜீப்பு உள்ளபடியே கொஞ்சம் உயரம்தான். வண்டிக் கம்பெனியிலேயே பக்கவாட்டில் ஒரு படி வைத்துக் கொடுத்திருந்தார்கள். அதில் வலதுகாலை வைத்து, கைப்பிடியைப் பிடித்து, "அப்பனே" என்று ஒரு மூச்சு விட்டு ஏறிவிடுவாள். ஏறிய பிறகு ராணி மாதிரி உட்கார்ந்துகொள்வாள்.

வண்டி வந்து கொஞ்ச நாளில் என் மச்சினன் வந்தான். அவளுடைய தம்பி. புதுக்கோட்டையில் வண்டிகளை உயர்த்தி, பம்பர், விளக்கு வைத்துக் கொடுக்கிற பட்டறை வைத்திருக்கிறான். ஜீப்பை ஒரு சுற்று சுற்றி வந்தான், டயரைக் காலால் தட்டினான்.

"என்ன மச்சான் இது, ஷேவ் பண்ணி விட்ட மாப்ள மாதிரி மழமழன்னு நிக்கிது. ஒரு மீசை வேணாமா?"

"என்னடா மீசை?"

"முன்னாடி இரும்பு பம்பர்தான் மீசை. அப்பறம் ரெண்டு இஞ்சு தூக்குவோம். டயரைப் பெருசாக்குவோம். மேல லைட்டு. நீங்க அரபு நாட்டுல ஓட்டுனீங்கள்ல, அதே வண்டி மச்சான்!"

அவன் சொல்லச் சொல்ல எனக்குத் தலைக்குள் மணல்மேடு எழும்பியது. வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள், "ஒங்க மச்சானுக்கே மீசை நரைச்சுப்போச்சு. வண்டிக்கு மீசை வைக்க வந்துட்டியாக்கும்" என்றாள்.

"நீ சும்மா இரு அக்கா. ஒனக்கு என்ன தெரியும் வண்டியைப் பத்தி?"

நான் கேட்டேன், "அந்தப் படி என்ன ஆகும்?"

"எந்தப் படி?"

"ஒங்க அக்கா ஏறுற படிடா."

அவன் தலையைச் சொறிந்தான். "அது வராது மச்சான். கழட்டிருவோம். படி வச்சுக்கிட்டு எவன் காட்டுக்குள்ள போவான்? கல்லுல இடிச்சு நசுங்கிரும்."

"நான் போறது கீரனூருக்கு. அங்கிட்டு எங்கடா கல்லு?"

"ஏன், நார்த்தாமலை இல்லையா?"

"மலை மேலயா என்னைய ஓட்டச் சொல்றே?"

எல்லாரும் சிரித்தோம். ஆனால் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. வண்டியை உயர்த்தினால் அவள் என்னோடு வரமுடியாது. உயர்த்தாவிட்டால், இத்தனை காலம் நான் மனதில் ஓட்டிய வண்டி கடைசிவரை வராது. ஷோரூமில் கேட்டதற்கு, எதை மாற்றினாலும் வாரண்டி போய்விடும் என்றார்கள். அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

அவளிடம் கேட்டேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. "செய்யுங்க. எனக்கென்ன, பஸ்ஸு இருக்கு. மூணு படி, பிடிக்கக் கம்பி. நீங்க இல்லாதப்ப அதுலதானே போனேன்? ஒரு ஆசையும் இல்லாத மனுசன், ஒண்ணே ஒண்ணு கேக்குறீங்க. நான் குறுக்க நிக்கவா?" என்றாள். அவள் சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இதற்கு நடுவில் இன்னொரு சங்கடம். வண்டி வந்த அன்றைக்கே எங்கள் அய்யனார் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டாயிற்று. எங்கள் பக்கத்தில் வேண்டுதல் நிறைவேறினால் அய்யனாருக்கு மண்குதிரை செய்துவைப்பது வழக்கம். மண்பாண்டம் செய்கிற எங்கள் ஊர் வேளார் தம் வீட்டில் குதிரையைச் செய்து, சுட்டு, வர்ணம் பூசி வைப்பார். ஊரே மேளத்தோடு தூக்கிக்கொண்டு போகும். அங்கே கண்ணை எழுதி, பூசை போட்டு, கண் திறக்கிற வரைக்கும்தான் அது மண். கண் திறந்துவிட்டால் அது சாமி வாகனம். அப்புறம் வெயிலில் காது உடைந்தாலும் மழையில் கால் கரைந்தாலும் யாரும் கைவைக்க மாட்டார்கள். ஒட்டவைக்கவும் மாட்டார்கள். கோயிலில் வரிசையாக நிற்கும் குதிரைகளில் பாதிக்குக் காது இல்லை.

அதே வேளார்தான் அய்யனாருக்குப் பூசாரி. அன்றைக்கு என் ஜீப்பின் இரண்டு முன்விளக்குகளையும் ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் வைத்து, குங்குமம் இட்டு, குதிரைக்குச் செய்வது போலவே கற்பூரம் காட்டிவிட்டார். எலுமிச்சம்பழத்தின் மேல் வண்டியை ஏற்றினோம். அவளும் நானும் விழுந்து கும்பிட்டோம். எங்களுக்கு அது கண் திறந்த மாதிரிதான். மாற்றுகிற வேலை எதுவானாலும் அதற்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. இப்போது அந்த வண்டியில் ஸ்பேனர் வைக்கலாமா?

வேளார் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர். போய்க் கேட்டேன். சக்கரத்தில் பானை சுற்றிக்கொண்டிருந்தவர் கையை எடுக்காமலே, "ஏப்பா, மண்ணைப் பத்திக் கேளு, சொல்லுறேன். இரும்பைப் பத்தி என்னைக் கேட்டா?" என்றார்.

"நீதானே கண்ணுல பொட்டு வச்சே."

"பொட்டு வச்சேன். பிரேக் பிடிக்கலைன்னாலும் என்கிட்டத்தான் வருவியா?" பானையைச் சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுத்து வைத்தார். அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. ஐயாகிட்டயே பூக்கேட்டுருவோம்" என்றார்.

பூக்கேட்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சாமியைக் குளிப்பாட்டி, ஈரம் காயுமுன் வலது தோளில் ஒரு பூ, இடது தோளில் ஒரு பூ ஒட்டவைப்பார்கள். மனதில் கேள்வியை வைத்துக் கும்பிட வேண்டும். வலது பூ முதலில் விழுந்தால் சாமி சரி என்கிறது. இடது விழுந்தால் வேண்டாம் என்கிறது. எங்கள் அம்மா என் கல்யாணத்துக்கும் கேட்டார்கள், நான் கடல் தாண்டிப் போவதற்கும் கேட்டார்கள். எங்கள் வீட்டில் பூக்கேட்காமல் எதுவும் நடந்ததில்லை, இந்த ஜீப்பு ஒன்றைத் தவிர.

ஞாயிறு காலை ஜீப்பிலேயே போனோம். கண்மாய் முடிகிற இடத்தில் மரங்கள் கூடி நிற்கும் தோப்பு. உள்ளே எப்போதும் விடிகிற நேரத்து வெளிச்சம்தான் இருக்கும். இருபக்கமும் குதிரைகள். புதுசு வர்ணத்தோடு, பழசு பாசியோடு. கருவறையில் அய்யனார் தனியாக இல்லை. இந்தப் பக்கம் பூரணை, அந்தப் பக்கம் புஷ்கலை, இரண்டு தேவிமாருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். வேளார் குளிப்பாட்டி, இரண்டு அரளிப் பூவைத் தோள்களில் வைத்தார். "கேட்டுக்க" என்றார்.

"ஐயா, வண்டியை உயர்த்தலாமா?" என்று கேட்டேன்.

வழக்கமாகக் கற்பூரம் அணைவதற்குள் ஏதாவது ஒன்று விழுந்துவிடும். அன்றைக்கு விழவில்லை. கற்பூரம் அணைந்தது. இன்னொன்று ஏற்றினார். அதுவும் அணைந்தது. இரண்டு பூவும் வைத்தது வைத்தபடி.

"ஐயா யோசிக்கிறாரு" என்றார் வேளார். துண்டை உதறிப் போட்டுக் கருவறை வாசலில் உட்கார்ந்துகொண்டார். "விழாம எந்திரிச்சுப் போகக் கூடாது. இருங்க."

நாங்கள் ஒரு குதிரையின் நிழலில் உட்கார்ந்தோம். வெயில் இலைகளுக்கு நடுவே காசு காசாக விழுந்து, மெதுவாக நகர்ந்து, அவள் சேலையில் ஏறியது. எங்கேயோ செம்போத்து ஒன்று விட்டுவிட்டுக் கத்தியது. காற்றே இல்லை. எனக்குக் கண் சொருகிக்கொண்டு வந்தது. குதிரைகள் எல்லாம் நின்ற இடத்திலேயே நடப்பது போலவும், மண் மெதுவாகப் பின்னால் ஓடுவது போலவும் இருந்தது. ஊருக்கு வந்ததிலிருந்து எங்கேயும் போகாமல் நாங்கள் இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்ததே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஒன்று அடுப்படி, இல்லாவிட்டால் வண்டி.

அவள் கேட்டாள், "அங்க இருந்தப்ப என்னைய நெனச்சீங்களா, வண்டிய நெனச்சீங்களா?"

"ரெண்டையும் சேத்துத்தான். நீ வண்டிக்குள்ள உக்காந்திருப்பே."

"எப்படி இருந்தேன்?"

"தலை நெறையப் பூ. கல்யாணத்துல இருந்த மாதிரி."

"முட்டிவலி?"

"அது எப்படி வரும் அப்ப?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்ப அவளுக்குத்தான் வண்டியைத் தூக்கப் பாக்குறீங்க. தூக்குங்க, தூக்குங்க. அவ ஒரே எட்டுல ஏறிக்குவா."

கேலியாகத்தான் சொன்னாள். கோபம் துளியும் இல்லை. நானும் சிரித்தேன். சிரித்தபிறகு என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குதிரையின் காலில் ஒட்டியிருந்த பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் உச்சிக்கு வந்தது. பூ விழவில்லை. தரையில் உட்கார்ந்து அவளுக்குக் கால் மரத்துப்போயிற்று. "நான் வண்டியில போய் உக்காந்துக்கிறேங்க. விழுந்தா சத்தம் குடுங்க" என்று, என் தோளை அழுத்தி எழுந்து, தோப்பு வாசலில் நின்ற ஜீப்புக்குப் போனாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் நடப்பதுதான். ஆனால் தினமும் நான் ஸ்டியரிங் பக்கம் இருப்பேன். அவள் ஏறி முடித்த பிறகுதான் முகம் எனக்குத் தெரியும். வெளியிலிருந்து பார்த்தது அன்றைக்குத்தான். கதவைத் திறந்து கைப்பிடியைத் தேடினாள். வலதுகாலைப் படியில் வைத்தாள். உடனே ஏறவில்லை. கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றாள். அப்புறம் உடம்பு முழுக்கக் கையில் தொங்க, இடதுகாலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அந்த "அப்பனே" எனக்குக் கேட்கவில்லை, வாய் அசைவது தெரிந்தது. உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்தாள். மரத்திலிருந்து உதிர்ந்த சருகு ஒன்று திறந்த ஜன்னல் வழியாக என் சீட்டில் விழுந்து கிடந்திருக்கும் போல. கையை நீட்டி அதைத் தட்டிவிட்டாள். சீட்டை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தாள். அப்புறம் கையை அங்கேயே வைத்துக்கொண்டு கண்மாயைப் பார்த்தபடி இருந்தாள்.

அப்போதுதான் வேளார் கத்தினார். "விழுந்துருச்சு! வலது! வலதுப்பா!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். வலது தோளில் பூ இல்லை. இடது பூ அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. சரி என்றுவிட்டார் அய்யனார். விழுந்து கும்பிட்டேன். திருநீறு வாங்கிக்கொண்டேன்.

"என்ன விழுந்துச்சு?" என்று வண்டியிலிருந்து சத்தம் போட்டாள்.

"வலது."

"நான் சொல்லலை?" அவள் முகம் மலர்ந்துபோயிற்று. நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். "அவனுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க. நாளைக்கே வண்டிய விட்டுருவோம்."

கண்மாய்க் கரையில் திரும்பி வந்தோம். கையில் உத்தரவு இருக்கிறது. ஆசைதான் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மணல்மேட்டை நினைத்துப் பார்த்தேன். உச்சியில் வண்டி மிதந்து நின்றது. பக்கத்து சீட்டில் தலை நிறையப் பூவோடு இருந்தவளைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள். முகம் தெரியவில்லை. நான் இத்தனை காலமும் அவள் முகத்தைப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் நிஜமாக உட்கார்ந்திருந்த இவள் என்னடாவென்றால், "பாத்துங்க, பள்ளம்" என்றாள். பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. தண்ணீர் மேல் வெயில் தகதகத்தது. கரையோடு போகிறோமா, தண்ணீர் மேலேயே போகிறோமா என்று தெரியாத மாதிரி அப்படி ஒரு வெளிச்சம்.

வீட்டுக்கு வந்து மச்சினனுக்குப் போன் போட்டேன். "வேணாம்டா" என்றேன்.

"ஏன் மச்சான்? ஐயா வேணாம்னுட்டாரா?"

"ஐயா சரின்னுட்டாரு. நான்தான் வேணாங்கிறேன்."

"என்ன மச்சான் ஒளர்றீங்க? சாமி சரின்னா அப்பறம் என்ன?"

"தூக்கலாமான்னு கேட்டேன், தூக்கலாம்னாரு. தூக்கித்தான் ஆகணும்னா சொன்னாரு?"

பக்கத்தில் நின்றவள் என்னையே பார்த்தாள். அடுப்படிக்குப் போனாள். அப்புறம் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நாளைக்குக் கொஞ்சம் வெள்ளன கெளம்பணும். விடுதியில மாவு வருது" என்றாள். அவ்வளவுதான் அதைப் பற்றி அவள் பேசியது.

சாமி கொடுத்த வரத்தை வாங்காமல் வந்ததில் குற்றம் உண்டோ என்று எனக்குப் பயம்தான். வேளாரிடம் கேட்டேன். "எதுக்கும் ஒரு பொங்கல் வச்சிரு" என்றார். வைத்தோம்.

ஆனால் என் மச்சினன் சும்மா இருக்கவில்லை. அக்காளுக்காக மச்சான் ஆசையை விட்டார் என்று சொல்ல அவனுக்கு ஒரு மாதிரியாக இருந்ததோ என்னவோ, அய்யனார் தடுத்துவிட்டார் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறான். அது ஊருக்குள் வந்து வளர்ந்தது. இடது பூ விழுந்தது என்றார்கள். பூவோடு சாமி தலையிலிருந்த மாலையும் அறுந்தது என்றார்கள். இப்போது எங்கள் எல்லைக்குள் வண்டியை உயர்த்துவது அய்யனாருக்கு ஆகாது என்று ஒரு சட்டமே உண்டாகிவிட்டது. போன மாதம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, "மாத்தினா குத்தம் ஆகிருமாமே, ஒங்க வண்டி அன்னைக்கு நடுவழியில நின்னு போச்சாமே" என்று பயத்தோடு கேட்டார். அன்றைக்கு என் வண்டி எங்கேயும் நிற்கவில்லை.

அவர் போன பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். ஆசைப்படுகிறவர்கள் தாராளமாக அவரவர் வண்டியை உயர்த்திக்கொள்ளட்டும். எங்கள் அய்யனார் ஒரு நல்ல மனிதரின் ஆசைக்குக் குறுக்கே நிற்கிற சாமி இல்லை. என்னைக்கூட அவர் தடுக்கவில்லை. படித்தவர்கள் இதை வீட்டில் சொல்லுங்கள், டீக்கடையில் சொல்லுங்கள், யாராவது இடது என்று சொன்னால் திருத்துங்கள். என் பொருட்டும் அவள் பொருட்டும் அழகு சேர்த்துச் சொல்ல வேண்டாம். பூ எந்தப் பக்கம் விழுந்ததோ அந்தப் பக்கமே விழட்டும்.